குப்பைக்குப் போன விநாடிகள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வடிகட்டி என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். அவளுக்கும் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும் நோயாளியின் தலையில் கம்பிகளை ஒட்டினால், மூளையின் சன்னமான மின்னலைகளோடு கண் சிமிட்டல், தாடை அசைவு, தசைத் துடிப்பு என்று ஊர்ப்பட்ட இரைச்சலும் சேர்ந்து வரும். அந்த இரைச்சலை ஒரு விநாடி விடாமல் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்திலிருந்து ஒரே ஓர் எண்ணைக் கணக்கிடும் முறையைக் கண்டுபிடித்தவள் அவள்தான். எண் முப்பதைத் தாண்டினால் உள்ளே நினைவு இருக்கிறது. தாண்டாவிட்டால் வெறும் உடம்பு. நினைவு என்பது என்ன என்று எத்தனையோ பேர் காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம். இவள் அரை மணி நேரத்தில் திரையில் காட்டினாள். தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?

அவளுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. முடிவைக் காகிதத்தில் அனுப்ப மாட்டாள். எண் திரையில் வந்ததும், கட்டிலருகே நிற்கும் சொந்தக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சொல்லிவிடுவாள். தலையிலிருந்து கம்பிகளைக் கழற்றுவதெல்லாம் அப்புறம்தான். தபாலில் சாவுச்செய்தி அனுப்புவதைவிட இது மனிதத்தனமானது என்று நினைத்தாள். மூன்று வருடத்தில் பத்தொன்பது குடும்பங்களிடம் "உள்ளே யாரும் இல்லை" என்று சொல்லியிருந்தாள். பத்தொன்பது பேரின் மூச்சு இயந்திரங்களும் நிறுத்தப்பட்டன.

இருபதாவது ஆள் அவளுடைய சொந்த அண்ணன்.

லாரி மோதி ஐந்து வாரம் ஆகியிருந்தது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து மூச்சு இயந்திரத்தில் இணைத்திருந்தார்கள். பாதி திறந்த கண் எதையும் பார்க்கவில்லை. வேறு யாராவது சோதனை செய்யட்டுமே என்று வார்டு டாக்டர் சொன்னதற்கு, "என் அண்ணன் தலையில வேற யாரும் கை வைக்க வேணாம்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள். "வலது கையை மூடுறதா நினைச்சுக்கோ" என்று விட்டுவிட்டு முப்பது தடவை சொன்னாள். எண் பதினெட்டு வந்தது. திரும்பவும் கணக்குப் போட்டாள். அதே பதினெட்டு.

"அண்ணி... உள்ள அண்ணன் இல்ல."

அண்ணி அழவில்லை. "நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றாள். இவள் திரும்பிக் கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்தாள். மறுநாள் மாலை நாலு மணிக்கு இயந்திரத்தை நிறுத்துவது என்று முடிவாயிற்று.

மறுநாள் மூன்று மணிக்கு அவள் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். பக்கத்துக் கட்டிடம்தான் மருத்துவமனை, ஆனால் வார்டுக்குப் போகக் கால் எழவில்லை. சும்மா உட்கார முடியாமல் அண்ணனின் பதிவைத் திறந்தாள். வடிகட்டியதை அல்ல, அசலை. அதில் பார்க்க ஒன்றுமில்லை என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். அண்ணனின் கடைசிச் சுவடு என்பதற்காக மட்டும் பார்த்தாள்.

நெற்றிப்பொட்டில் ஒட்டிய கம்பிகளில் முள்வேலிபோல் அடர்ந்த கோடுகள். தாடைத் தசை. இப்படிக் கிடப்பவர்கள் சும்மாவே பல்லைக் கடிப்பார்கள், அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. யோசிக்காமல் தூக்கிப் போடும் குப்பை அது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. தான் கட்டளை சொன்ன நேரங்களை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

கட்டளை. இரண்டு விநாடி. முள். அடுத்த கட்டளை. இரண்டு விநாடி. முள். முப்பதில் இருபத்தேழு அப்படி. நடுவில் ஐந்து நிமிட ஓய்வு விட்டிருந்தாள். அந்த ஐந்து நிமிடமும் கோடு துடைத்துவிட்டாற்போல் நேராகக் கிடந்தது.

கை அசையாதவன், அசைக்க முடிந்த ஒரே இடத்தால் பதில் சொல்லியிருக்கிறான். அவன் பதில் சொன்ன விநாடிகளை மட்டும் பொறுக்கியெடுத்து எறிந்துவிட்டு, மிச்சத்தில் அவனைத் தேடியிருக்கிறாள்.

மணி மூன்று நாற்பத்தொன்று. அண்ணியின் போன் அணைந்திருந்தது. வார்டு போனை யாரும் எடுக்கவில்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

நர்ஸ் ஊசியில் மயக்கமருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார்.

"நிறுத்துங்க! ஊசியைப் போடாதீங்க!"

"நீங்கதானே மேடம் சொன்னீங்க?" என்றார் டாக்டர்.

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

மூச்சு வாங்க, அண்ணனின் இரண்டு நெற்றிப்பொட்டிலும் விரலை வைத்தாள். கம்பியும் இல்லை, திரையும் இல்லை. "அண்ணா, நான்தான். கேக்குதுன்னா ரெண்டு தடவை பல்லைக் கடி."

ஒன்றுமில்லை. பிறகு விரலுக்கடியில் தசை மெல்ல எழுந்து அடங்கியது. இன்னொரு தடவை எழுந்தது.

அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "நீ இல்லேன்னா இன்னிக்கு..." என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கைகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். டாக்டர் வராந்தா வரை பின்னாலேயே வந்தார். மற்றவர்களைப் பற்றித்தான் கேட்க வருகிறார் என்று தெரிந்து, இவள் நிற்காமல் ஆய்வுக்கூடத்துக்கு நடந்தாள்.

மற்றப் பத்தொன்பது பேரின் அசல் பதிவுகள் இப்போது இல்லை. இடத்தை அடைக்கிறது, மாதம் ஒருமுறை அழித்துவிடுங்கள் என்று அவளே உத்தரவு போட்டிருந்தாள். ஆனால் கட்டளை சொன்ன நேரம், எண் வந்த நேரம், எந்த விநாடியிலிருந்து எந்த விநாடி வரை வெட்டப்பட்டது என்ற பட்டியலைக் கணினி நிரல் தானாகவே எழுதிவைக்கும். அதை இதுவரை யாரும் திறந்து பார்த்ததில்லை.

முதல் பெயரைத் திறந்தாள். ஒரு பள்ளிக்கூட டீச்சர். கட்டிலருகே நின்ற கணவரின் கை சில்லென்றிருந்தது இப்போதும் நினைவிருந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு விநாடி கழித்து ஒரு வெட்டு. முப்பதுக்கு முப்பது. கட்டளைகள் பதினொன்று பத்துக்கு முடிந்திருந்தன. அதற்கப்புறம் வெட்டு இல்லை, கால் மணி நேரம் ஒன்றுமே இல்லை. பட்டியல் அத்தோடு முடியவில்லை. கீழே தள்ளிப் பார்த்தாள்.

பதினொன்று இருபத்தாறுக்கு எண் திரையில் வந்திருந்தது. அந்த நிமிடம் தான் என்ன செய்தாள் என்று அவளுக்குத் தெரியும். கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே யாரும் இல்லை என்று சொன்னாள்.

பதினொன்று இருபத்தாறிலிருந்து, கம்பிகளைக் கழற்றிய பதினொன்று முப்பது வரை, ஒரு விநாடிகூட இடைவெளி இல்லாமல் டீச்சர் பல்லைக் கடித்திருந்தாள்; நிரல் அத்தனையையும் வெட்டியிருந்தது.