கத்தத் தெரிந்த நோயாளி

போன வருஷம் இதே மாதத்தில் எனக்கு மஞ்சள் காமாலை, காசநோய், மூட்டுவலி, ஒரு தடவை கர்ப்பம். கர்ப்பம் மட்டும் வேண்டாம் என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். "ஆம்பளைக்கு அது வராதும்மா" என்றேன். "பரீட்சையில வரும் மாமா, உக்காருங்க" என்றாள் மருமகள். இடுப்பில் தலையணையைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தேன். வேலை முடிந்து வந்த என் மகன் கதவைத் திறந்தான், என்னைப் பார்த்தான், கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி வெளியே போய்விட்டான்.

விஷயம் இதுதான். என் மருமகள் டாக்டர். நம்ம ஊர் பெரியாஸ்பத்திரியில் வருஷக்கணக்காக நோயாளி பார்த்தவள். ஆனால் நாங்கள் வந்து குடியேறின இந்த நாட்டில் அந்தப் பட்டத்தைக் கொண்டுபோய் நீட்டினால், "ரொம்ப சந்தோஷம், பரீட்சை எழுதுங்க" என்கிறார்கள். எழுதினாள். எழுத்துப் பரீட்சையை எல்லாம் ஊதித் தள்ளிவிட்டாள். செய்முறைப் பரீட்சையில்தான் சிக்கல். அங்கே நோயாளியாக உட்கார்ந்திருப்பவர் நோயாளி இல்லை, கூலிக்கு நடிக்கிறவர். வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு நடிகர், மூலையில் மார்க் போடுகிற ஒருவர். எட்டு நிமிஷம் ஆனதும் மணி அடிக்கும், அடுத்த அறைக்குப் போக வேண்டும். இதில் இரண்டு தடவை கோட்டை விட்டுவிட்டு வந்தாள்.

நோயைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் இல்லை. அவள் பார்த்த ஓ.பி.யில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். உள்ளே வருகிறவரின் நடையைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடுவாள். அவர் உட்காருவதற்குள் மாத்திரை எழுதிவிடுவாள். எழுதின கையோடு "அடுத்து!" என்பாள். அதே பழக்கத்தில் பரீட்சை அறைக்குள்ளும் போயிருக்கிறாள். இரண்டே நிமிஷத்தில் என்ன நோய் என்று சரியாகச் சொல்லி, மருந்தையும் சொல்லி, வாசலைப் பார்த்து "நெக்ஸ்ட்!" என்று ஒரு குரல் கொடுத்திருக்கிறாள். வாசலில் ஈ காக்காய் இல்லை. எழுந்து போவதா உட்கார்வதா தெரியாமல் நடிகர் திருதிருவென்று முழித்தாராம். மிச்ச நேரம் முழுக்க மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

இதை அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "சிரிங்க மாமா, நல்லா சிரிங்க" என்று எழுந்து போனவள் அன்று என்னோடு பேசவில்லை.

இந்த மூன்றாவது தடவையும் விட்டால் கதை முடிந்தது. எழுத்துப் பரீட்சையில் வாங்கின பாஸ் செல்லுபடியாகிற கெடு தாண்டிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு அவளிடம் தெம்பில்லை. பகலெல்லாம் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிக்கிற வேலை பார்த்தாள். "அங்க ஒரு தாத்தாவுக்குக் கால் வீங்குது மாமா. ஏன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லக் கூடாது. நர்ஸைக் கூப்பிட்டுட்டு ஓரமா நிக்கறதுதான் என் வேலை" என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மறுநாள் காலையில் நானே போய், "டாக்டரம்மா, நோயாளி வேணுமா?" என்றேன்.

அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டான். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான். என் விசிலுக்குப் பயந்தே வண்டிகள் நேரத்துக்குக் கிளம்பும். போதாததற்கு டிப்போ ஆண்டு விழா நாடகத்தில் சாகிற அப்பா வேஷம் எப்போதும் எனக்குத்தான். நான் செத்து முடிப்பதற்குள் அடுத்த காட்சிக்கு நேரமில்லாமல் போய்விடும். அப்பேர்ப்பட்ட நடிகனை வீட்டில் சும்மா உட்கார வைத்திருந்தார்கள்.

தினமும் ஒரு கார்டு. அதில் நோய் எழுதியிருக்கும். நான் படித்துவிட்டு நடிக்க வேண்டும், அவள் கேள்வி கேட்க வேண்டும். அவள் பரீட்சைக்குத் தோதாக இங்கிலீஷில் கேட்பாள், நான் தமிழில் கத்துவேன். நெஞ்சுவலிக் கார்டு வந்த அன்று நாற்காலியோடு சாய்ந்து, தரையில் உருண்டு, மேஜைக்கால்களைப் பிடித்துக்கொண்டு ஓலமிட்டேன். கீழ்வீட்டு அம்மாள் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"மாமா, கார்டுல 'லேசான வலி'ன்னு போட்டிருக்கு" என்றாள் மருமகள்.

"லேசா நடிச்சா எவன் கை தட்டுவான்?"

"யாரும் தட்ட வேண்டாம். நீங்க பதில் சொன்னாப் போதும்."

நான் கத்துவதை நிறுத்தவில்லை, அவளும் "அடுத்து" என்பதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு தடவை அந்த வார்த்தை வாயில் வரும்போதும் என் பழைய டிப்போ விசிலை எடுத்து ஊதினேன். பரீட்சையில் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவற்றைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "'உங்களுக்கு என்ன வியாதின்னு நீங்க நினைக்கறீங்க?' இதை அவர்கிட்ட நான் கேக்கணுமாம். அது தெரிஞ்சா அவர் ஏன் மாமா என்கிட்ட வர்றார்?" என்பாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கடைசியில் "வேற ஏதாவது மனசுல இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருக்க வேண்டும். அதுதான் அவளால் முடியவே முடியாது. கேட்டு வாயை மூடுவதற்குள், "இல்லைல்ல? சரி, கிளம்புங்க" என்பாள். விசில்.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. எங்கள் மாடிப்படி ஏறும்போது எனக்கு நெஞ்சு பிடிக்க ஆரம்பித்திருந்தது. நின்றால் சரியாகிவிடும். வாயு என்று வைத்துக்கொண்டேன். சொன்னால் இவள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என் பின்னால் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவாள், பரீட்சை போய்விடும். முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். என் மண்டையில் உதித்த மகா யோசனை அது.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைசி ஒத்திகை. கார்டில் முட்டிவலி. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினேன். அவள் வழக்கம் போலச் சட்டென்று கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அன்று "அடுத்து" என்று சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாக, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரிப் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "வேற ஏதாவது மனசுல இருக்கா?" என்றாள்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். கடிகார முள் ஓடுகிற சத்தம் கேட்டது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி என்னை ஒருவர் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று தோன்றியது. எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"படி ஏறினா நெஞ்சைப் பிடிக்குதும்மா."

அவள் கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மாமா, அது பழைய கார்டு. இன்னிக்கு முட்டி."

"ஆமாமா, மறந்தே போச்சு. முட்டிதான். ஐயோ, முட்டி!" என்று காலைப் பிடித்துக்கொண்டேன்.

அவளும் ஏதோ எழுதப் போனாள். பேனா பாதியில் நின்றது. கார்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"மாமா, நீங்க நடிச்சா கத்துவீங்க."

"அதுக்கென்ன இப்போ?"

"இப்பச் சொன்னப்ப நீங்க கத்தலை."

அவள் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். எவ்வளவு நாளாக, எந்தப் பக்கம், தாடைக்குப் போகிறதா, வேர்க்கிறதா என்று கேட்டாள். எல்லாம் தமிழில் கேட்டாள். "நேத்துலேருந்து சும்மா உக்காந்திருந்தாலும் வருது" என்று நான் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. எட்டு நிமிஷம் ஆகி, ஒத்திகைக்காக மேஜையில் வைத்திருந்த அலாரம் கணகணவென்று அடித்தது. அதை அணைக்கக்கூட அவள் திரும்பவில்லை. ஒரு கையால் என் மகனைப் போனில் கூப்பிட்டுக்கொண்டே மறு கையால் எனக்குச் செருப்பை எடுத்துப் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயசு டாக்டர் வந்தார். என் இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் அவர் கேட்ட கேள்வி அத்தனையும் எனக்கு மனப்பாடம். அவர் முதல் கேள்வியைத் தொடங்குவதற்குள் நான் மூன்றாவது பதிலில் இருந்தேன். "உங்களுக்கு என்ன வியாதின்னு நீங்க நினைக்கறீங்க?" என்று கேட்டபோது, எங்கே இதை விட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு உச்சி குளிர்ந்தது. வந்ததுமே கையைக் கழுவிக்கொண்டு தன் பெயரையும் சொல்லியிருந்தார், அதற்கெல்லாம் மார்க் உண்டு. கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்காமல் போய்விட்டார். ஒரு மார்க் குறைத்தேன்.

ரத்தக்குழாயில் அடைப்பு, காலையில் கை வழியாகக் குழாய் விட்டுச் சரிபண்ணுவோம், நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள். மருமகள் என் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"காலையில பரீட்சை. வீட்டுக்குப் போய்ப் படு" என்றேன்.

"நான் போகலை."

"என்னது?"

"உங்களை இப்படி விட்டுட்டுப் போய் நடிக்கறவங்களுக்கு வைத்தியம் பாக்கச் சொல்றீங்களா? பரீட்சையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்." சொல்லிக்கொண்டே அழுதாள். "எத்தனை நாளா உங்க எதிர்ல உக்காந்து கேள்வி கேட்டிருக்கேன். எனக்குத் தெரியலையே மாமா."

கட்டில் கால்மாட்டில் நின்ற என் மகன், "அவ போகமாட்டாப்பா, விடுங்க" என்றான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்கள் எல்லாம் ஆட எழுந்து உட்கார்ந்தேன். "இங்க பாரும்மா. எனக்கு இங்க டாக்டர் இருக்கார், நர்ஸ் இருக்காங்க, இதோ இந்தத் தடியன் இருக்கான். நாளைக்குக் காலையில அங்க எவனோ ஒரு கிழவன் கையில கார்டை வச்சுக்கிட்டு உனக்காக உக்காந்திருப்பான். அவனுக்கு யார் இருக்கா? நான் ஊர் உலகத்து வியாதியெல்லாம் வாங்கினது நீ இங்க உக்காந்து மூக்கைச் சிந்தறதுக்கா? வண்டி நேரத்துக்குக் கிளம்பணும். அவ்வளவுதான் சொல்வேன்."

பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்தார். நர்ஸ் ஓடி வந்தாள். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கத்தறீங்களே, அப்ப நடிப்புதானா?" என்றாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. பரீட்சைக்குப் போனாள்.

மறுநாள் மத்தியானம் பரீட்சைக்குப் போன அதே உடையில் நேராக வார்டுக்கு வந்தாள். என் கையைத் திருப்பி, குழாய் விட்ட இடத்தில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள், விரலைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் நாற்காலியில் சாய்ந்தாள்.

"என்னாச்சு?"

"ஒரு அறையில நெஞ்சுவலிக்காரர் மாமா. உங்க வயசு. என்னமாக் கத்தினார் தெரியுமா? அதனால பயமே வரலை. எல்லாம் கேட்டேன். வேற ஏதாவது மனசுல இருக்கான்னு கேட்டுட்டுக் காத்திருந்தேன். அவர் தன் பொண்டாட்டியைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சார். கேட்டுக்கிட்டே இருந்தேனா, மணி அடிச்சிருச்சு. மருந்தே சொல்லி முடிக்கலை. என் வாழ்க்கையில முதல் தடவையா எனக்கு நேரம் பத்தலை." தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சு மாமா."

நேரம் பத்தவில்லை என்று அவள் சொன்னதைக் கேட்டதும், வார்டென்றுகூடப் பார்க்காமல் விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. விசில் வீட்டில் இருந்தது.

போகவில்லை. ரிசல்ட் வந்தது, பாஸ். அந்த அறையில்தான் அவளுக்கு ஆக அதிக மார்க்.

இப்போது அவள் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர். போன வாரம் என் நெஞ்சைச் சோதித்துக்கொள்ள அங்கேதான் போனேன். என் வேலை முடிந்ததும் அவள் அறை வாசலுக்குப் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். பெஞ்சு நிறைய ஆட்கள். பக்கத்தில் இருந்த வயசான அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துக்கொண்டாள். இந்தப் புது டாக்டர் ஆளை உள்ளே விட்டால் லேசில் வெளியே விடமாட்டார் என்றாள். மற்றவர்களும் ஆமாம் போட்டார்கள். லேட்டாகக் கிளம்பின ஒரு வண்டியைக்கூட நான் மன்னித்தவன் இல்லை. பைக்குள் கையை விட்டேன், விசில் தட்டுப்பட்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

கதவு திறந்தது. மருமகள் வாசலுக்கே வந்தாள். அந்த அம்மாளை முழுப் பெயரும் சொல்லி, நிதானமாகக் கூப்பிட்டாள். எழுந்திருக்கக் கையையும் நீட்டினாள். அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"என்ன மாமா, இங்க? உடம்புக்கு ஏதாவது..."

"ஒண்ணுமில்லைம்மா. எல்லாம் நல்லாருக்காம்."

"நிஜமா? வேற ஏதாவது மனசுல இருக்கா?"

கேட்டுவிட்டு நின்றாள். அந்த அம்மாளின் கையைப் பிடித்தபடி, பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"உன்னை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கும்மா" என்றேன்.

கத்தாமல்தான் சொன்னேன்.