நான் மஸ்கட்டுக்கு அனுப்பிய மனிதர்

1

பாஸ்போர்ட் இல்லாமல், விமானம் இல்லாமல், ஒரு தோணிகூட இல்லாமல் ஒரு முழு ஆம்பளையைச் செம்பாக்கத்திலிருந்து மஸ்கட்டுக்கு அனுப்பிவைத்தவள் நான். அனுப்பியதோடு விட்டேனா? அங்கே வேலை வாங்கிக் கொடுத்தேன், சம்பளத்தைக் கூட்டினேன், மீசையை இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை வளர்த்தேன். அந்த மீசையைப் பார்த்த ஒரு ஷேக் நடுரோட்டில் காரை நிறுத்தி, இறங்கி வந்து கைகொடுத்தார்.

(பொய். நீ அனுப்பவில்லை, அவனாகப் போனான். – சாம்பசிவன்.)

அடைப்புக்குறிக்குள் வருபவர் என் வீட்டுக்காரர். ரிட்டயரான பிறகு நான் எழுதுகிறேன், அவர் திருத்துகிறார். அவருக்கு வேறு வேலை இல்லை, எனக்கும் இல்லை. அவர் எழுதுவதை நான் அடிப்பதில்லை. வீட்டில் நிம்மதி வேண்டும்.

கதை பிறந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் தாம்பரத்தில் டெலிபோன் ஆபரேட்டர். பக்கத்துப் போர்ஷனில் பட்டறை வேலைக்குப் போகும் துளசிங்கம், மனைவி கங்கையம்மாள், மகள் பச்சையம்மா. எண்பத்தைந்து மழைக்காலத்தில் துளசிங்கம் மனைவியிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பம்பாய்க்கு ரயிலேறினார். மறுநாள் குழாயடியில் அங்காளம்மாள் கேட்டார், ஆளைக் காணோமே என்று. அங்காளம்மாள் எதிர்வீடு. எங்கள் தெருவில் அவர் வந்து நிற்காமல் எந்த விசேஷமும் தொடங்காது. கங்கையம்மாள் நிரம்பி வழியும் குடத்தை எடுக்காமல் நின்றாள். நான் என் குடத்தைக் கீழே வைத்து, "மஸ்கட்" என்றேன்.

அதுதான் நான் புனைந்த முதல் கதை. ஒரே சொல். தெரு முழுக்க நம்பியது. நேற்று மஸ்கட் கால் எங்கள் போர்டு வழியாகத்தான் வந்தது என்று ஆபரேட்டரே சொன்னால் யார் மறுப்பார்கள்?

2

துளசிங்கம் சொன்னது என்ன? இந்த இடத்தை எழுத எனக்கு வரவில்லை. முயன்றதையெல்லாம் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

சிறுவயது முதலே துளசிங்கத்துக்கு உள்ளே ஒரு பெண் – வேண்டாம். வாடகைக்குக் குடிவைத்த மாதிரி இருக்கிறது.

ஊர் அவர்களை அழைக்கும் சொல் – அதை எழுத மாட்டேன். இருக்கிற சொற்களெல்லாம் கல்லாக எறியச் செய்தவை. மரியாதையாகக் கூப்பிட ஒன்று, இதை எழுதும் இந்தத் தொண்ணூற்றெட்டில், இன்னும் வரவில்லை. வந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள்.

மழை ஓய்ந்த சாயங்காலம், துளசிங்கம் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக – சேச்சே.

கங்கையம்மாள் என்னிடம் சொன்னதையே வைக்கிறேன். "கங்கா, உன்மேல ஒரு குத்தமும் இல்ல. நான் பொம்பள. இத்தினி வருசம் வேசம் போட்டுகினு இருந்தேன். இனிமே முடியல" என்றாராம். இவள் கேட்டாளாம்: "அப்ப நான் யாரு?"

எழுதுகிறவள் நான், அவருக்கு ஒரு பதிலைக் கண்டுபிடித்துத் தரலாம். ஷேக்கைக் கண்டுபிடித்தவளுக்கு இது வரவில்லை.

3

கங்கையம்மாளைப் பாத்திரமாக வைப்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. உண்மை தெரிந்தவள், அவளிடம் மஸ்கட் செல்லாது என்று நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முருங்கைக்கீரையோடு வந்து என் சமையற்கட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். கீரை ஆய்ந்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"அக்கா, மஸ்கட்ல அவரு இன்னா பண்ணிகினு கீறாரு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு, மெதுவாக, சொல்லத் தொடங்கினேன். வஞ்சிரம் வாங்கியிருக்கிறார், தானே கழுவுகிறார், உன் கைக்காரம் வரவில்லை என்று குறைப்படுகிறார். சிரித்தாள். அவருக்கு வஞ்சிரம் ஆகாது, காரப்பொடி மீனாக மாற்றச் சொன்னாள். மாற்றினேன். அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்ததும். ஒருநாள் விளையாட்டாக, மீசையை எடுத்துவிட்டார் என்றேன். கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். மறுவாரம் மீசையை வளர்த்துவைத்துக்கொண்டு அவள் வருகிறாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

(இந்த அடைப்புக்குறி என்னுடையது: அதே நாட்களில் பம்பாயிலிருந்து என் போர்டுக்கு எப்போதாவது டிரங்க் கால் வரும். பேர் துளசி என்று அந்தக் குரல் சொன்னது. வேலை, சௌக்கியம் எதுவும் பேசாது. பச்சை இப்ப எம்மா ஒசரம் என்று மட்டும் கேட்கும். என் தோள் வரைக்கும் என்பேன். லைனில் மூச்சு மட்டும் கேட்கும். நான் வெட்ட மாட்டேன்.)

4

எண்பத்தொன்பதில் பச்சையம்மா வயதுக்கு வந்தாள். தாய்மாமன் கட்டிய ஓலைக் குச்சில் போய் உட்கார்ந்தவள், தண்ணீர் ஊற்றும் நாள் நெருங்கியதும், அப்பா மஸ்கட்டிலிருந்து வந்தால்தான் வெளியே வருவேன் என்று சொல்லிவிட்டாள். கங்கையம்மாள் கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். பெண் அசையவில்லை. நாலு வருஷமாக அவளுக்கு அப்பா என்பதே நான் அளந்த அளப்புதான்.

பம்பாய்க்கு, அந்தக் குரல் வந்த நம்பருக்கு, டிரங்க் போட்டேன்.

துளசி வந்தாள். தாம்பரம் ஸ்டேஷனில் அவள் இறங்கியபோது மொத்தப் பிளாட்பாரமும் எழுந்து நின்றது. (பொய்.) சரி, ஒரு போர்ட்டர் திரும்பிப் பார்த்தார். கத்தரிப்பூ நிறப் புடவை, படிய வாரிய கொண்டை. செய்யாறு பக்கத்திலிருந்து வந்த துளசிங்கத்தின் ஒன்றுவிட்ட அக்கா என்று தெருவில் சொல்லிவைத்தேன். முதல் தண்ணீர் ஊற்றுவது அத்தை முறை. கதை கச்சிதமாகப் பொருந்தியது.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். எங்கள் பக்கம் தண்ணீர் ஊற்றும் இடத்தில் ஆண்கள் இருக்கக்கூடாது. துளசிங்கம் நிஜமாகவே மஸ்கட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருந்தாலும் வாசலில் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருப்பார். மகள் தலையில் தண்ணீர் ஊற்ற அவருக்கு இந்த ஒரு வழிதான் உண்டு. இதை நான் ஜோடிக்கவில்லை. எனக்கு இவ்வளவு நன்றாக வராது.

பெண்கள் சூழ்ந்து நின்றோம். துளசி சொம்பைக் கையில் எடுத்தாள். அங்காளம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். பார்வை கழுத்தில் நின்றது.

"தாலி இல்லாத கழுத்தும்மா. மொதத் தண்ணி எப்பிடி ஊத்துறது?"

சொம்பை வாங்கிக்கொண்டார். துளசி சுவரோரம் ஒதுங்கினாள். குச்சுக்குள் பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான் செய்யாறு பக்கத்து வழக்கம் ஒன்றை அந்த நிமிடமே உண்டாக்கி வாயைத் திறந்தேன். கங்கையம்மாள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு குச்சுப் பக்கம் திரும்பினாள்.

"பச்சை, எந்திரி. உங்கப்பா வந்துட்டாரு. தோ, செவுத்தாண்ட நிக்கிறாரு பாரு."

(இது நடக்கவே இல்லை. துளசிங்கம் இன்னும் மஸ்கட்டில்தான் இருக்கிறான். வந்த அம்மாள் அவன் செய்யாற்று அக்கா. – சாம்பசிவன்.)

பாருங்கள். என் முதல் கதையை இன்றுவரை விடாமல் நம்பும் ஒரே வாசகர், என் கூடவே குடித்தனம் செய்கிறார். துளசிங்கமும் இவரும் தினமும் பீச் ஸ்டேஷன் போகும் மின்சார வண்டியில் ஒரே பெட்டி. அவர் போனபிறகு இவர் அந்த வண்டியில் ஒருத்தரோடும் சிநேகம் வைத்துக்கொள்ளவில்லை.

5

பச்சையம்மா ஓலையை விலக்கிப் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். பட்டறையில் நசுங்கிக் கறுத்துப்போன கட்டைவிரல் நகத்தில் அவள் கண் நின்றது. சிரிக்கவில்லை, அழவில்லை. எழுந்து வந்து பலகையில் உட்கார்ந்துகொண்டாள்.

பாதிக் கூட்டம் எழுந்து போனது என்று முதலில் எழுதியிருந்தேன். போனது இரண்டு பேர். அங்காளம்மாள் போகவில்லை. கங்கையம்மாளைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், சொம்பைக் கொண்டுபோய்த் துளசியின் கையில் திணித்தார்.

"பொண்ணு எம்மா நேரந்தான் குந்திகினு இருக்கும்? ஊத்து."

கங்கையம்மாள் மகள் தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்தாள். துளசி ஊற்றினாள். பாதித் தண்ணீர் என் புடவையில்.

இங்கேயே முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் அடுத்த ஞாயிறு கங்கையம்மாள் கீரையோடு வந்தாள். நான் மஸ்கட்டில் ஒரு மழையே பெய்யவைத்துத் தயாராக இருந்தேன். கடைசி ஈர்க்கு வரைக்கும் ஆய்ந்தாள். கேட்கவில்லை. அப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை. மகளுக்கு அப்பாவைக் கொடுத்த அந்த ஒரு வாக்கியத்தில் தன் புருஷனைத் தீர்த்துவிட்டிருந்தாள். அது தெரிந்துதான் சொன்னாள்.

6

முடிவுகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. துளசி திரும்பிப் போகவில்லை, படப்பையில் மூன்று பேரும் ஒரு வீடெடுத்து, அக்கா தங்கையைப் போல – போலத்தானே, அது கங்கையம்மாளுக்குப் போதுமா? அல்லது துளசி பம்பாய் வண்டி ஏறினாள், ஜன்னலோரம் நின்ற பச்சையம்மா எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வெறுமனே கம்பியை – இதையும் விட்டுவிட்டேன். எப்படி எழுதினாலும் யாரோ ஒருத்திக்கு ஒன்று குறைகிறது. நீங்கள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனதுக்கு யார் நெருக்கமோ அவளுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடித்த காகிதங்களை மறுபடியும் முதலிலிருந்து படிக்க என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். தான் ஏற்கெனவே திருத்திய நாலாம் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பேனா கையில் இருந்தது, எழுதவில்லை. மூடியைப் போட்டார்.

"அன்னிக்குத் தண்ணி எறைக்கச் சொல்லி என்னைக் கெணத்தாண்ட நிக்க வெச்சல்ல," என்றார். "கொடம் எடுக்க அவ வந்தா. கிட்ட வந்து நின்னுகினு, 'சாம்பு, நான் ஊத்தலாமாடா?'ன்னு கேட்டா."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"ஊத்துன்னேன். நடந்துச்சு. எழுதிக்கோ."