மூன்று ஊரில் தொங்கிய கலியாணப் படம்

2024 மாசி பதினோராம் திகதி காலை பத்து மணிக்கு, வன்னியில் மல்லாவிச் சந்தைக்குப் பின்னாலுள்ள மண்டபத்தில் தொங்கிய கலியாணப் படத்திலிருந்து மாப்பிள்ளை இறங்கிப் போனார். பின்னேரம் மூன்றரைக்கு, மதுரையில் தொங்கிய அதே படத்தில் அவர் நின்றார். இரண்டு ஊர் ஒளிப்படச் சங்கங்களின் கூட்டக் குறிப்பிலும் இது இருக்கிறது, நேரமும் ஒத்துப்போகிறது. மாப்பிள்ளையின் பெயர் தயாபரன். பக்கத்துக் கதிரையில் இருந்த பொம்பிளை தேனுகா, அவள் எழும்பவில்லை.

சண்டைக் காலத்தில் வன்னிச் சனம் வீடு வாசலோடு அல்பங்களையும் விட்டுவிட்டுத்தான் ஓடியது. மிஞ்சியவை, முன்பே வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்பிவைத்த படங்கள் மட்டுந்தான். அவற்றைத் திரும்பச் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்கலாமென்று மல்லாவி ஒளிப்படக் கூடத்தை நடத்துகிற சாரங்காவுக்கு எண்ணம் வந்தது. மதுரையில் ஒரு ஒளிப்பட மன்றமும் காத்மாண்டுவில் ஒரு படக்குழுவும் கைகொடுத்தன. செலவை ஐரோப்பாவில் ஒரு நிறுவனம் ஏற்றது. படங்களை எல்லை தாண்டி அனுப்பினால் சுங்கத்தில் கிடந்து பழுதாகும். ஆகவே ஒரே கோப்பை மூன்று ஊரிலும் அச்சடிப்பது, முடிந்தபின் அவரவர் படத்தை அவரவரே கிழித்து, கிழித்ததை வீடியோ எடுத்து அனுப்புவது என்று ஒப்பந்தம் எழுதினார்கள். கண்காட்சிக்காரர் வழமையாகச் செய்கிற வேலைதான். கிழிபடப் போகிற படத்துக்குள் ஒரு மனிதர் நடமாடுவார் என்று அவர்கள் கனவா கண்டார்கள், பாவங்கள்!

தேனுகாவிடம் கணவனின் படம் ஒன்றுகூட இருக்கவில்லை. 2008 ஆவணியில் கலியாணம். சண்டை முடிந்த அடுத்த வைகாசியில் வட்டுவாகலில் வைத்து ஆமிக்காரர் அவரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "நீ முன்னுக்குப் போ, நான் வாறன்" என்று சொல்லித்தான் ஏறினார். பதினைந்து வருசமாகியும் வரவில்லை. பாரிசிலிருந்த அவருடைய தமையன் சாகுமுன் கண்காட்சிக்கென்று ஸ்கான் எடுத்து அனுப்பிவைத்த படந்தான் இது. அதைப் பார்க்க, முப்பத்தெட்டு வயதில், நல்ல சீலையொன்று உடுத்துக்கொண்டு தேனுகா மண்டபத்துக்குள் கால் வைத்தபோதுதான் மணி பத்து. படத்தில் இருபத்திரண்டு வயதுத் தேனுகா தனியே இருந்தாள். கணினியைத் திறந்து கோப்பைப் பார்த்தார்கள். அதிலும் அவள் மட்டுந்தான்.

"இப்பதான் நிண்டவர் அக்கா, என்ர கண்ணாலை பார்த்தனான்" என்றாள் சாரங்கா, அழாத குறையாக.

அதற்குப் பிறகு அவர் மதுரைக்கும் காத்மாண்டுவுக்குமாகப் போய் வந்தார். மதுரை மன்றத்து மாயாண்டி காலையில் மண்டபத்தைத் திறந்ததும் முதல் வேலையாகத் தேனுகாவுக்குப் போன் எடுப்பான். "மாப்ள இங்கதான் இருக்காருக்கா, நல்லா இருக்காரு" என்பான். இல்லாத நாளில் காத்மாண்டுவிலிருந்து செய்தி வரும். போனில் படம் பிடித்து அனுப்பினால் வெறும் சுவர்தான் வந்தது. மல்லாவியில் சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் வந்து, படத்திலுள்ள ஆண்களின் பெயர்களைக் கேட்டு எழுதினார்கள். இந்தப் படத்தில் ஆம்பிளையே இல்லாததால் விட்டுவிட்டுப் போனார்கள்.

சித்திரையில், நெல் விற்ற கையோடு, தேனுகா பலாலியில் விமானம் ஏறிச் சென்னை போய், ரயிலில் மதுரை போனாள். படத்தில் கதிரையும் அவளுந்தான். "விடியக்காலைல கூட இருந்தாருக்கா, சத்தியமா" என்று தலையிலடித்துக்கொண்டான் மாயாண்டி. நாலு நாள் அதன் முன்னாலேயே நின்றாள். அந்த நாலு நாளும் தயாபரன் மல்லாவிப் படத்தில் நின்றார். சாரங்கா அதைச் சொல்ல மனமில்லாமல், நாலாம் நாள்தான் சொன்னாள். தேனுகா ஓடோடி வந்தாள். அவளுடைய பஸ் மாங்குளச் சந்தியில் மல்லாவிப் பக்கம் திரும்ப, அவர் போய்விட்டார்.

அவள் மண்டபத்து நிலத்தில் அப்படியே இருந்துவிட்டாள். "அவருக்கு என்னை அடையாளம் தெரியேல்லை. ஆரோ வயசுபோன மனிசி வாறா எண்டு விலகிப் போறார்" என்று சொல்லி, வாய்விட்டு அழுதாள். பார்க்கப் பொறுக்காத அழுகை. சாரங்கா தேத்தண்ணி போட்டுவந்து, கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆனியில் ஐரோப்பிய நிறுவனம் கணக்கை முடிக்கச் சொல்லிக் கடிதம் போட்டது. மூன்று பிரதியையும் கிழிக்க வேண்டும். மனிதாபிமானத்தின் பேரில், குடும்பத்துக்கென்று மல்லாவிப் பிரதியை மட்டும் வைத்திருக்கலாம். நல்ல மனம்தான். ஆனால் அந்தப் பிரதியில் அவர் தங்கமாட்டார். மற்ற இரண்டையும் கிழித்தால், எதில் நிற்கிறாரோ அதோடு கிழிபடுவார். தேனுகா மூன்று நாள் வயலுக்குள்ளேயே நின்றாள். பிறகு வந்தாள்.

"எங்கடையைக் கிழியுங்கோ தங்கச்சி. அதுக்குப் பதிலா மற்ற ரெண்டையும் விடச் சொல்லுங்கோ."

"உங்களிட்டை வேற படம் இல்லையே அக்கா."

"ஓம், இல்லை. நான் இருக்கிற இடத்துக்கு அவர் வரப்போறேல்லை. அவருக்குப் போய்வர ரெண்டு இடமாவது இருக்கட்டும்."

மதுரைக்காரரும் காத்மாண்டுக்காரரும் மறுபேச்சுப் பேசவில்லை. பழைய சுவரொட்டிகளின் வெள்ளைப் பக்கத்தைக் காட்டிக் கிழித்து வீடியோ அனுப்பினார்கள். மூன்று சங்கங்களும் ஒரு சண்டையுமில்லாமல் சேர்ந்து செய்த காரியம் அந்தப் பொய் ஒன்றுதான். நிறுவனமும் நன்றிக் கடிதம் எழுதியது.

அவர் காத்மாண்டுவில் நிற்கிறார் என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, தேனுகா தன் கையாலேயே கிழித்தாள். தடித்த தாள், இலேசில் கிழியவில்லை. தன்னுடைய முகத்துக்கு வந்தபோது கொஞ்சம் நின்றாள். பிறகு அதையும் கிழித்தாள். கால் மணித்தியாலத்தில் மாயாண்டியின் போன்: "அக்கா, பொண்ணையும் காணோம்கா! வெறும் நாற்காலிதான் இருக்கு!" அதற்குப் பிறகுதான் காத்மாண்டுச் செய்தி வந்தது: பெண் கதிரையை விட்டு எழும்பி, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். தேனுகா அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அன்றுதொட்டு அந்த இருவரும் சேர்ந்தேதான் போய் வருகிறார்கள்.

ஐப்பசியில் குடிசனக் கணக்கெடுப்புக்கு கிராம சேவையாளர் வந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

"இங்க நான் ஒராள்தான். ரெண்டு பேர் வெளிநாட்டிலை."

"ஆர் ஆர்?"

"அவரும் நானும்."

கிராம சேவையாளர் எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொண்டு, கையொப்பம் வைக்கப் படிவத்தை நீட்டினார்.