திருப்பிப் போடாத பன்னிரண்டு கேள்விகள்

நேற்று, நான் படிக்கும் மாலை வகுப்பில் புள்ளியியல் ஆசிரியர் பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார்: ‘எதையும் யோசித்துத்தான் செய்வேன்.’

“அளக்கறது அவசர புத்தியை. இதுக்கு ஆமான்னு போட்டா மார்க் ஏறலாமா?”

ஏறக் கூடாது. எண்ணைத் திருப்பிப் போட்டு, ஐந்தை ஒன்றாகவும் ஒன்றை ஐந்தாகவும் மாற்றித்தான் கூட்ட வேண்டும்.

பகலில் நான் நெதர்லாந்தின் லேவார்டன் நகரப் பள்ளி ஒன்றில், பதினைந்து வயதுப் பிள்ளைகளின் அவசர புத்தியையும் பரபரப்பைத் தேடும் குணத்தையும் அளக்கும் ஆய்வில் உதவியாளன். பதினெட்டுக் கேள்விகளில் பன்னிரண்டு இந்த வகை. ஒன்றைக்கூட நான் திருப்பவில்லை. கூட்டலை மட்டும் இரண்டு முறை சரிபார்த்தேன்.

அதைவிட மோசம், யாருடைய மதிப்பெண்ணையும் வெளியில் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவன், எண் மிக அதிகமாக வந்த மாணவியைப் பற்றி, காப்பி குடிக்கும்போது வகுப்பாசிரியை பவ்க்யாவிடம் சொன்னேன்: “ஹிஸ்கே மேல ஒரு கண்ணு வைங்க.” வெள்ளிக்கிழமை வகுப்பே பாய்மரக் கப்பலில் போகிறது. போகிறவர்கள் பட்டியலில் ஹிஸ்கேயின் பெயரை அவர் அடித்துவிட்டார்.

இன்று காலை அவரிடம் போனேன்.

“டீச்சர், கம்ப்யூட்டர் தப்பாக் கூட்டிடுச்சு.”

“இல்ல வீட்ஸே, நீ சொன்னது சரிதான். அப்புறம் நானே கவனிச்சேன். பேனாவத் தட்டிக்கிட்டே இருக்கா, ஜன்னலையே பாக்கறா.”

“கம்ப்யூட்டர் இல்ல டீச்சர். தப்பு என்னோடது. அவ பேர நான் சொல்லியே இருக்கக் கூடாது.”

அவர் பட்டியலை எடுத்துப் பார்த்தார். “அவ இடத்த வேற வகுப்புப் பையனுக்குக் குடுத்தாச்சேப்பா. கப்பல்ல இருபத்திநாலு பேருக்கு மேல ஏத்த மாட்டாங்க.”

ஹிஸ்கேயை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒவ்வொரு கேள்வியையும் ரெண்டு தடவ படிச்சுத்தான் போட்டேன். நான் கடல்ல குதிச்சிருவேன்னு பயம்மா இருக்குன்னு டீச்சர் எங்கம்மாகிட்ட சொன்னாங்க. பசங்க என்னை ‘தவளை’ங்கறாங்க. உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“எப்ப வேணும்னாலும் விலகலாம்னு முதல் பக்கத்துல போட்டிருந்துச்சு. என் தாளக் குடுங்க.”

கொடுத்தேன். தன்னுடையதுதானா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆய்வை நடத்தும் பேராசிரியருக்கு அனுப்பும் படிவத்தில், ‘விலகியதற்குக் காரணம்’ என்ற கட்டம் மிகச் சிறியது. முதலில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். நான் செய்தது அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. பின்பக்கம் திருப்பித் தொடர்ந்தேன்.