மோட்டார் ரிப்பேர்

ஆணியில் சாவி இல்லை.

மூன்று மாதமாக அது டீக்கடையின் பின்சுவரில்தான் தொங்கியது. மலையுச்சிச் சோதனைச் சாவடிக்குக் கழிப்பறை கிடையாது. ஆண் போலீசுக்குப் பாறை மறைவு போதும். அங்கிருந்த ஒரே பெண் காவலர் மகிமாவுக்கு டீக்கடை ஞானபாக்கியத்தின் வீட்டுக் கழிப்பறைதான் கதி.

"அக்கா, சாவி?"

ஞானபாக்கியம் நிமிரவில்லை. "மோட்டாரு ரிப்பேரும்மா. தண்ணி ஏறல."

உள்ளே குழாயில் தண்ணீர் கொட்டுவது இருவருக்கும் கேட்டது.

நேற்று மாலைதான், "வடுகபட்டியில எந்தப் பக்கம்?" என்று கேட்டிருந்தாள் ஞானபாக்கியம். "காலனி" என்றாள் மகிமா. இருவரும் ஞாயிறுதோறும் ஒரே இயேசுவுக்கு முழங்கால் போடுகிறவர்கள்.

அடிவயிறு கடுத்தது. அடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி நான்கு நாள்தான் ஆகிறது. இப்போது மணி பத்து. மாற்று ஆள் வர மாலை ஆறாகும்.

"பொறுத்துக்கத்தா," என்றார் எஸ்.எஸ்.ஐ. சுயம்புலிங்கம். "கக்கூசு கேட்டு எழுதிப் போட்டு ரெண்டு வருசமாச்சு. பாறைப் பக்கம் போகாத, அங்கன லாரிக்காரனுக படுத்துக் கெடக்கானுக."

மகிமா அன்றாட நடப்பு எழுதும் ஜி.டி. நோட்டை இழுத்தாள்.

'10.10. சாவடியில் கழிப்பறை இல்லை. பக்கத்து வீட்டில் உண்டு, எனக்கு இல்லை. சிறுநீர் கழிக்கப் பேருந்தில் அடிவாரத்து ஊருக்குப் போகிறேன்.' கையெழுத்திட்டாள்.

"ஏத்தா, அடிச்சு விட்டுரு. டிஎஸ்பி பாத்தாகன்னா உனக்கு மெமோ, எனக்கும் மெமோ."

"ஜி.டி.யில ஒரு எழுத்தையும் அடிக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீக?"

அவள் பேருந்தை நோக்கி நடந்தபோது குமுளிப் பக்கமிருந்து ஒரு வேன் வந்து நின்றது. ஞானபாக்கியத்தின் மகள் எப்சிபாவைப் பெண் பார்க்க வந்தவர்கள். உள்ளே பட்டுச்சேலையில் ஒன்பது பெண்கள்.

"லேடீஸ் பைய லேடீஸ் போலீசுதான் பாக்கணும்," சுயம்புலிங்கம் தலைக்கு மேலிருந்த கேமராவைக் கண்ணால் காட்டினார். "அந்தப் புள்ள வர ரெண்டு மணி நேரமாகும். ஓரங்கட்டுங்க."

ஞானபாக்கியம் ஓடிவந்தாள். கையில் சாவி.

"மகிமா, இந்தா. போயிட்டு வந்து வேன அனுப்பிவிடு, தாயி. சம்பந்தகாரக வெயில்ல நிக்கிறாக."

மகிமா ஒரு காலைப் பேருந்துப் படியில் வைத்தபடி சாவியைப் பார்த்தாள். பத்தடி தூரத்தில் கழிப்பறை.

"தண்ணி ஏறலன்னீகளே, அக்கா."

உள்ளே ஏறி உட்கார்ந்தாள். பேருந்து புறப்பட்டது. ஊருக்குப் பதினெட்டு வளைவு. முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி முதல் வளைவை எண்ணினாள்.