நடுத்தகடு

அந்தத் தெருவில் தையல்காரிக்குக் 'குப்பை போலீஸ்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் அவள் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. வேலை நடந்தால் சரி, பேரில் என்ன இருக்கிறது என்று இருப்பவள். காலையில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்கு வந்து நின்றுவிடுவாள். யார் வீட்டுப் பச்சை வாளியிலாவது காய்கறித் தோலுக்கு நடுவே ஒரு பால் கவர் தலை நீட்டினால் போதும், பிடித்துக்கொள்வாள்.

"ஏம்மா, மக்கும் குப்பையிலே கவரு எப்படிம்மா மக்கும்? நீயும் நானும் மக்கிப் போனாலும் அது மக்காது!"

அவள் வீட்டு வாசலில் பச்சை வாளியும் நீல வாளியும் ஓர் இரும்புப் பலகைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். பலகை அவள் புருஷன் செய்து கொடுத்தது. அவர் லாரிப் பட்டறையில் வெல்டர். கனமான தகட்டுக்கு நாலு கால் வைத்து, சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து, ஒருநாள் பேச்சு மூச்சில்லாமல் கொண்டுவந்து போட்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் கேட்காமல் செய்து தந்த ஒரே சாமான் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

பொழுது போகாமல் இதையெல்லாம் அவள் இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. அவள் மகளுக்கு வீசிங். ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த குப்பைமேடு, ஊர் வளர்ந்த வேகத்தில் இப்போது அந்தத் தெருவுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கிறது. வாரத்தில் பாதி நாள் புகையும். புகை வந்தால் அந்தப் பெண்ணால் படுக்க முடியாது. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்கும். வீட்டு ஜன்னல்களைத் திறந்து வருஷக்கணக்காகிறது. மிச்சத் துணிகளை நீளநீளமாகச் சுருட்டித் தைத்து, ஜன்னல் இடுக்கிலும் கதவடியிலும் திணித்து வைத்திருக்கிறாள். அப்படியும் புகை எங்கிருந்தோ வந்து தொலைக்கும்.

நகராட்சியின் சுகாதார அதிகாரி ஒருநாள் தெருவுக்கு வந்து கூட்டம் போட்டார். "மேடு ஏன் எரியுது தெரியுமா? நீங்க எல்லாத்தையும் கலந்து போடறதாலதான். அழுகினதும் பிளாஸ்டிக்கும் ஒண்ணாக் கிடந்தா வாயு உண்டாகித் தானாப் பத்திக்கும். பிரிச்சுக் குடுங்க, புகை நின்னுடும். கலந்து போட்டா அபராதம்."

அந்த வார்த்தையை அவள் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து மாதிரி பிடித்துக்கொண்டாள். உடைந்த ஊசிகளைக்கூட மாத்திரை டப்பாவில் சேர்த்துத் தனியாகக் கொடுத்தாள். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள், கெஞ்சினாள், சண்டை போட்டாள். மூலைவீட்டு மளிகைக்கடைக்காரர், "என் கடைக் குப்பையை நான் எப்படி வேணும்னாலும் போடுவேன்" என்று முறைத்துக்கொண்டபோது நகராட்சியில் சொல்லி அபராதம் போட வைத்தாள். அன்றிலிருந்து அவர் இவளோடு பேசுவதில்லை. இவளும் உப்பு வாங்க அடுத்த தெருவுக்கு நடக்கிறாள். நடந்தால் நடந்துவிட்டுப் போகிறது, பெண்ணுக்கு மூச்சு வந்தால் போதும்.

கடைசியில் தெரு வழிக்கு வந்தது. மாதிரித் தெரு என்று கேடயம் தரப்போவதாக நகராட்சியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். தெருவிலேயே விழா, வண்டியும் வந்து நிற்கும், அவள் வாளிகளோடு போட்டோ எடுப்பார்கள்.

"அம்மா, கேடயம் குடுத்ததும் புகை நின்னுடுமா?" என்று மகள் கேட்டாள்.

"நிக்காம எங்கே போகும் கண்ணு?" என்றாள் தையல்காரி.

போட்டோவுக்குப் பலகை பளிச்சென்று இருக்க வேண்டாமா? விழாவுக்கு முந்தின நாள் காலையில் வாளிகளை இறக்கிவிட்டு, மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷுமாக உட்கார்ந்தாள். சாம்பல் பெயின்ட் உரிந்தது. அடியில் பச்சை. இது என்னடா என்று திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் தேய்த்தாள். நீலம். இன்னும் கொஞ்சம் தேய்க்க, எழுத்து வந்தது. பச்சைப் பக்கம் 'மக்கும் குப்பை.' நீலப் பக்கம் 'மக்காத குப்பை.' கீழே நகராட்சி முத்திரை.

குப்பை வண்டிக்குப் பின்னால் இரண்டு கதவு உண்டு, ஒன்று பச்சை, ஒன்று நீலம். நடுவில் தடுப்பு இருக்கிறது என்று அதிகாரி கூட்டத்தில் கையை வைத்துக் காட்டியிருந்தார். அந்தத் தடுப்புத்தான் இவள் வாசலில் நாலு கால் முளைத்து நிற்கிறது. 

மத்தியானம் புருஷன் சாப்பிட வந்தார். அவள் தட்டு வைக்கவில்லை. தகட்டைக் காட்டினாள்.

அவர் தகட்டின் பக்கத்தில் குத்திட்டு உட்கார்ந்தார். "எல்லா வண்டியும் பட்டறைக்கு வந்துச்சு. நடுத்தகட்டை வெட்டி எடுக்கச் சொன்னாங்க. தகடு இருந்தா ரெண்டு பக்கமும் சமமா நிறையறதில்லை, லோடு குறையுதாம். எப்படியும் ஒரே குழியிலதான் கொட்டறாங்க. அப்புறம் தடுப்பு எதுக்குன்னு..."

"அதை எடுத்துட்டு வந்து எனக்கே பலகை பண்ணிக் குடுத்தீங்களா?"

"நல்ல தகடு. தூக்கிப் போட மனசு வரல."

"தகட்டுக்கு வர்ற மனசு பொண்டாட்டிக்கு வரலையா? தெருவெல்லாம் என்னைத் திட்டுச்சே. அந்த மளிகைக்கடை மனுஷன் என் முகத்திலே முழிக்கறதில்லையே. எல்லாம் ஒரே வண்டிக்குள்ளே ஒண்ணாத்தான் போகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் உள்ளறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "பலகை கொண்டுவந்த அன்னைக்கே சொல்லத்தான் வந்தேன். நீ பாப்பாகிட்ட, இன்னும் கொஞ்ச நாள்தான், புகை நின்னுடும்னு சொல்லிக்கிட்டிருந்தே. பாப்பா எதிர்ல எப்படி வாயைத் திறக்கறது?"

அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு அவளுக்கு நேரமில்லை. "காலை வெட்டி எடுங்க. தகடு முழுசா வேணும்" என்றாள்.

அவர் வெட்டினார்.

மறுநாள் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு தெருவெல்லாம் குப்பை வாங்கி வந்து நின்றது. கேடயத்தை மேஜையில் வைத்தார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாகத் தகட்டைத் தூக்கிவந்து கேடயத்தின் பக்கத்திலேயே சாத்தினார்கள்.

"இது உங்க வண்டியோடது சார். விட்டுட்டுப் போயிட்டீங்க" என்றாள் தையல்காரி.

அதிகாரியின் சிரிப்பு பாதியில் நின்றது. பச்சைப் பக்கத்து எழுத்தை எல்லோரும் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். ஒருத்தி ஓடிப்போய் வண்டியின் இரண்டு கதவையும் திறந்தாள். இரண்டு கதவுக்கும் உள்ளே ஒரே வயிறு. அவள் சற்றுமுன் போட்ட பழத்தோல், பக்கத்து வீட்டுக்காரி கழுவித் துடைத்துக் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாக்களின்மேல் சாவகாசமாகப் படுத்திருந்தது.

"இதுக்கா நாங்க கழுவிக் கழுவிக் குடுத்தோம்?" என்று ஒரு குரல் கிளம்பியது. பிறகு பல குரல்கள்.

அதிகாரி பூசி மெழுகப் பார்த்தார். "அம்மா, கோபப்படாதீங்க. உரக்கிடங்கு இன்னும் கட்டல. எல்லாம் படிப்படியாத்தான் வரும். முதல்ல ஜனங்களுக்குப் பழக்கம் வரட்டும்னுதான்..."

"எங்களுக்குப் பழக்கம் வந்தாச்சு சார். உங்களுக்கு எப்போ வரும்? எம் பொண்ணையும் படிப்படியா மூச்சு விடச் சொல்லட்டுமா?"

 அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இந்த மாதிரி ஆட்களுக்கு நியாயம் கேட்டால்தான் நேரம் நினைவுக்கு வரும். "எதுவா இருந்தாலும் ஆபீசுக்கு வந்து பேசுங்க" என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். கேடயம் மேஜையிலேயே கிடந்தது.

தகட்டைத் திரும்ப வண்டியில் பொருத்த, வெல்டர் தன் வெல்டிங் மெஷினை உருட்டிக்கொண்டு வந்தார். பட்டறையில் தெரிந்தால் வேலை போகும். தெரிந்தேதான் கொண்டுவந்தார். கரன்ட்டுக்கு எங்கே போவது என்று பார்த்தபோது, மளிகைக்கடைக்காரர் ஒயரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"என் கடையிலேருந்து எடுத்துக்கப்பா" என்றவர், தையல்காரியைப் பார்க்காமலே சொன்னார்: "அபராதம் கட்டினவன் நான்தானே. தடுப்பு எப்படி இருக்கும்னு நானும் பார்க்கணும்."

"அண்ணே..." என்றாள் அவள். ஒயரின் மறுமுனையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

பெண்கள் முந்தானையை வரிந்துகொண்டு வண்டியைக் காலி செய்தார்கள். தகடு பழைய இடத்தில் ஏறியது. பச்சை பச்சைப் பக்கம், நீலம் நீலப் பக்கம். குப்பையைப் பிரித்துத் திரும்ப ஏற்றினார்கள்.

வண்டி டிரைவர் தலையைச் சொறிந்தான். "அக்கா, இப்போ இதை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டறது? மேட்டுலே ஒரே குழிதானே இருக்கு?"

"அதைத்தான் ஆபீசுக்கு வந்து பேசச் சொன்னாரே தம்பி. உன் காதுலயும்தானே விழுந்துச்சு?"

 டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். அதிகாரி சொன்னதைத்தானே செய்கிறான், யார் குற்றம் சொல்ல முடியும்? பாட்டையும் அவன் நிறுத்தவில்லை. பின்னால் தெருவே நடந்தது.

நகராட்சி அலுவலக முற்றத்தில், அதிகாரியின் அறைக்கு நேர் எதிரே வண்டி நின்றது. மக்கும் குப்பைக்கு ஓர் இடம், மக்காததற்கு ஓர் இடம், இரண்டையும் காட்டினால் எடுத்துக்கொண்டு போகிறோம் என்று தையல்காரி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே போன் மேல் போன் பறந்தது. இடத்தை மட்டும் யாரும் காட்டவில்லை. வெயில் ஏற ஏற வண்டி தன் வேலையைக் காட்டியது. உள்ளே ஒருவர் மூக்கைப் பொத்தினார், ஒருவர் ஊதுபத்தி தேடினார். கடைசியில் அதிகாரியே கைக்குட்டையும் முகமுமாக எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார்.

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

"சாத்தினா மட்டும் போதாது சார், இடுக்கு வழியா வரும். துணியை நீளமாச் சுருட்டித் தெச்சு அடைக்கணும். அளவு சொல்லுங்க, உங்களுக்கும் தெச்சுத் தரேன்."