மஞ்சளுக்கு நடுவே ஒரு பச்சை வரிசை

வேரோடு பிடுங்கிய பாசிப்பயறுச் செடி ஒன்றைத் தம்பி அவளுடைய மேசைமேல் போட்டான். மண் உதிர்ந்து கணினி விசைப்பலகை வரைக்கும் சிதறியது. இலைகள் முழுக்க மஞ்சள். அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் பச்சை மிச்சமிருந்தது. காய்கள் விளையாமல் சூம்பிப்போய் வளைந்து கிடந்தன.

"பாருக்கா, நீ குடுத்த விதை. நோயே வராதுன்னு சொன்னியே!"

"வராதுன்னு சொல்லலடா. தாங்கும்னு சொன்னேன்."

"எதத் தாங்குச்சு? என் மானத்ததான் வாங்குச்சு. என் பேச்சக் கேட்டு விதைச்சவங்க எல்லாம் என்னப் பார்த்தாலே மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போறாங்க."

அவள் பயறு ஆராய்ச்சி நிலையத்தில் புது ரகங்களை உருவாக்குபவள். மஞ்சள் தேமல் நோயோடு மல்லுக்கட்டியே தலை நரைத்துவிட்டதால் அங்கே எல்லோருக்கும் அவள் 'மஞ்சள் மேடம்'. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். தம்பியிடம் வாதாடிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவன் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிற ஆள். செருப்பை மாட்டிக்கொண்டு, "வா" என்றாள்.

சோதனை வயலின் வரப்பில் ஏறியதும் அவன் நின்றுவிட்டான். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே மஞ்சள்.

"என்னக்கா இது! இதுக்கு என் வயலே தேவலாம் போலிருக்கே."

"இந்த நோயை நான்தான் வளக்கிறேன்."

நோய் சட்டென்று தொற்றும் பழைய ரகத்தை வேண்டுமென்றே வரிசை விட்டு வரிசை விதைத்திருந்தாள். அந்தச் செடிகளின் சாற்றை உறிஞ்சும் வெள்ளை ஈக்கள் அப்படியே பக்கத்து வரிசைக்கும் நோயைக் கொண்டுபோகும். அதில் விழுகிற ரகம் விழட்டும், நிற்கிற ரகம் நிற்கட்டும். மருந்து அடிப்பதில்லை. எதிரியை வீட்டுக்குள் உட்காரவைத்துச் சோறு போடுகிற வேலை என்று அவளே வேடிக்கையாகச் சொல்வாள்.

நடுவே ஒரு வரிசை மட்டும் கரும்பச்சையாக நின்றது. தம்பி அதை நோக்கி நடந்தான். குனிந்து இலை இலையாகப் பார்த்துக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றான். ஒரு செடியின் கொழுந்தில் ஊசி குத்தியதுபோல இரண்டு மஞ்சள் புள்ளிகள். அவன் கை தானாக அதன் அடித்தண்டைப் பற்றியது. அவள் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடு."

"பரவிடும்க்கா! ஒரே ஒரு செடி. புடுங்கிட்டா வரிசையே சுத்தமாயிடும். யாருக்குத் தெரியும்?"

"வரிசை சுத்தமாயிடும். ரகம் ஆகாது. இது எவ்வளவு தூரம் போகுதுன்னு நான் பார்க்கணும்."

அவன் கையை எடுத்துக்கொண்டான். அந்தப் புள்ளிகளைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டான்: "அப்ப, எனக்குக் குடுத்த ரகத்துலயும் இப்படி ஒண்ணு இருந்துச்சா?"

அவளுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஆனால் பதில் சொல்லத் தயங்கவில்லை.

"இல்ல. இங்க ஒரு செடியில கூட வரல. ஆனா உன் ஊர்ப் பக்கத்து நோய் வேற ஜாதி. இங்க நின்னது அங்க நிக்கல. இந்தப் புது ரகத்த உன் வயல்ல வச்சுப் பார்க்காம யாருக்கும் குடுக்கப் போறதில்ல. ஒரு ஓரம் குடு."

"என் வயல்லயும் நோயை வளக்கப் போறியா?"

"அது ஏற்கெனவே வளந்து நிக்குதே! நான் இதைக் கொண்டுபோய் அதுக்கு எதிர்ல நிறுத்தப் போறேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "நீ மாறவே மாட்டக்கா. இதுக்கும் நோய் புடிச்சா?"

"புடிச்சா முதல்ல உங்கிட்டதான் சொல்லுவேன்."

"நீ என்ன சொல்றது? என் வயலு. நான்தான் உனக்குச் சொல்லணும்."

மறு பருவம் அவள் போனபோது, தம்பி அவளுக்கு முன்பே வயலில் இருந்தான். அவளுடைய சோதனை வயலில் பார்த்ததுபோலவே புது ரகத்துக்குப் பக்கத்தில் அவன் தன் கையாலேயே விதைத்திருந்த பழைய ரகம், அவன் எதிர்பார்த்ததற்கும் முன்னாலேயே மஞ்சளடித்திருந்தது. வரப்போடு போன பக்கத்து வயல்காரர் நின்று, "என்னப்பா, காசு குடுத்து நோயை வாங்கி விதைச்சியா?" என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் தம்பி பதிலுக்கு எகிறியிருப்பான். இப்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புது ரகத்தின் வரிசையில் குந்தி உட்கார்ந்திருந்தான்.

அவள் குரல் கொடுக்காமல் வரப்பிலேயே நின்றாள். அவளுக்குப் பயமில்லை, எது வந்தாலும் அடுத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். அவன் ஒரு கொழுந்து இலையை ஒடியாமல் வளைத்து வெயிலுக்கு நேரே பிடித்தான். நரம்புகளுக்கிடையே வெளிச்சம் பச்சையாக இறங்கி அவன் விரல்களில் விழுந்தது. ஒரு கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்தான். பிறகு இலையை விட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே அடுத்த செடிக்கு நகர்ந்தான்.